1877: அமெரிக்கா பின்னோக்கித் திரும்பிய ஆண்டு

1862 மே 13, விடியற்காலை மூன்று மணி. சவுத் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்ட்டர்' என்ற நீராவிக் கப்பல் கட்டிக் கிடக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைக்குப் பீரங்கிகளை ஏற்றி இறக்கும் கப்பல் அது. கேப்டனும் மற்ற வெள்ளை அதிகாரிகளும் அன்று ராத்திரி கரையிலேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் அடிமை மாலுமிகள் மட்டும். சுக்கான் பிடிப்பவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. சட்டத்தின் கண்ணில் அந்தக் கப்பலைப் போலவே அவரும் ஒருவருடைய சொத்து.

கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார் ஸ்மால்ஸ். கப்பலை மெதுவாக நகர்த்தி இன்னொரு படகுத்துறைக்குக் கொண்டுபோய், அங்கே ஒளிந்திருந்த தன் மனைவி, குழந்தைகளையும் மற்ற மாலுமிகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். துறைமுகத்தை விட்டு வெளியேற ஒவ்வொரு காவல் கோட்டையையும் தாண்ட வேண்டும். எந்த இடத்தில் எந்த விசில் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அரை இருட்டில், கேப்டன் நிற்பதைப் போலவே நின்றுகொண்டு, சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னாலேயே விசில் அடித்துக் கடந்து போனார். கோட்டையின் குண்டு எட்டாத தூரம் போனதும் தென்மாநிலக் கொடியை இறக்கிவிட்டு, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை மேலே ஏற்றினார்கள். சூரியன் உதிக்கும் நேரத்தில் வடமாநிலக் கடற்படையிடம் கப்பல் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்த 16 பேருக்கும் விடுதலை.

இதை மட்டும் சொன்னால் ஒரு நல்ல சாகசக் கதையோடு முடிந்துவிடும். ஆனால் ஸ்மால்ஸ் 1915 வரை வாழ்ந்தார். அமெரிக்கா தன் கறுப்பின மக்களுக்கு ஒரு கதவைத் திறந்ததையும், பிறகு அதே கதவை அறைந்து சாத்தியதையும் அவர் கூட இருந்து பார்த்தார். இரண்டு தடவையும் சட்டம் எழுதிய அவையில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள் என்று பட்டியல் போடும்போது சுதந்திரம் அறிவித்த 1776 வரும், உள்நாட்டுப் போர் முடிந்த 1865 வரும், பங்குச் சந்தை சரிந்த 1929 வரும், இரண்டாம் உலகப் போரில் இறங்கிய 1941 வரும். 1877 அநேகமாக வராது. என்னைக் கேட்டால், இன்றைய அமெரிக்காவைப் புரிந்துகொள்ள மற்ற எந்த ஆண்டையும்விட அந்த ஆண்டுதான் முக்கியம்.

சவுத் கரோலினாவை வைத்தே இதைப் பார்க்கலாம். பிரிவினையைத் தொடங்கி வைத்த மாநிலம் அதுதான். 1860 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 7 லட்சம். அதில் 4 லட்சம் பேர் அடிமைகள். அதாவது மாநிலத்தின் பெரும்பான்மையே அடிமைகள். நெல்லும் பருத்தியும் விளைந்த கடலோரப் பகுதிகளில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஆபிரகாம் லிங்கன் அதிபர் தேர்தலில் வென்ற மறுமாதமே, 1860 டிசம்பர் 20 அன்று, நாட்டிலிருந்து பிரிவதாக முதலில் அறிவித்தது இந்த மாநிலம். 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு பாய்ந்ததும் அதே சம்டர் கோட்டையின் மீதுதான். நான்கு ஆண்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். 1865 ஏப்ரலில் போர் முடிந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. நாடு முழுக்க சுமார் 40 லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள்.

சரி, விடுதலை கிடைத்தது. நாளைக்குச் சோறு?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஒரு கூட்டம் நடந்தது. 1865 ஜனவரி 12, ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரம். வடமாநிலத் தளபதி ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் 20 கறுப்பினப் பாதிரியார்களை அழைத்து உட்கார வைத்துக் கேட்டார்கள்: உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும்? எல்லோர் சார்பிலும் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், வயது 67. தனக்கும் தன் மனைவிக்குமாக 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்து விடுதலையை விலைக்கு வாங்கியவர். அவர் சொன்ன பதிலில் சுற்றிவளைப்பே இல்லை. நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வோம் என்றார்.

நான்கு நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை, பண்ணை முதலாளிகள் விட்டு ஓடிய கடலோரத் தீவுகளும் நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு. ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். துணை அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார். அவர் தெற்கத்திய ஆள். கலகம் செய்த முதலாளிகளுக்கு வரிசையாக மன்னிப்பு வழங்கினார், மன்னிப்போடு நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்தச் செய்தியை நிலத்தில் இருந்தவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய வேலை ஜெனரல் ஹோவர்டுக்கு வந்தது. விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர் அவர். போரில் வலது கையை இழந்தவர். 1865 அக்டோபரில் சவுத் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனார். தேவாலயம் நிறைய ஜனங்கள். அவர் எடுத்துச் சொல்லச் சொல்ல 'இல்லை, இல்லை' என்ற குரல்கள் எழுந்தன, பேச்சைத் தொடர முடியவில்லை. அப்போது கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி துக்கப் பாட்டு ஒன்றை எடுத்தார், எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தீவு மக்களின் குழு ஹோவர்டுக்கு ஒரு கடிதம் எழுதியது. பழைய முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். அதற்கு அவர்கள் எழுதிய பதிலின் சாரம் இது: போரில் நீங்கள் இழந்தது ஒரு கையைத்தான், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் தாயையும் சகோதரியையும் உடை களைந்து அடித்தவன், அவன் சொல்லும் கூலிக்கு அவன் நிலத்தில் நடவு செய்தால்தான் காலியாகக் கிடக்கும் அவனுடைய குடிசையில்கூட இருக்க விடுவேன் என்கிறவன், எனக்கென்று நிலம் இருந்தால் அவனை எட்டியும் பார்க்க மாட்டேன் என்று தெரிந்துகொண்டே எனக்கு நிலம் கிடைக்கவிடாமல் தடுப்பவன். அவனை என்னால் எளிதில் மன்னிக்க முடியாது.

விடுதலைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொன்ன எழுத்தை நான் படித்ததில்லை. நிலம் போனது போனதுதான். பெரும்பாலோர் பழைய முதலாளியிடமே வாரத்துக்குப் பயிரிடப் போனார்கள். விதையும் சாப்பாடும் கடன், அறுவடையில் பாதி அவனுக்கு, மீதி கடனுக்கு. வாரம், கடன், கணக்கு நோட்டு என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் சவுத் கரோலினாவின் வெள்ளையர் சட்டமன்றம் தனிச் சட்டங்களைப் போட்டது. விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய வேண்டுமானால் கறுப்பினத்தவர் நீதிபதியிடம் உரிமம் வாங்க வேண்டும். கடை வைக்க ஆண்டுக்கு 100 டாலர், கைத்தொழிலுக்கு 10 டாலர். ஒப்பந்தத்தில் அவர்கள் 'வேலைக்காரர்', எதிர்த்தரப்பு 'எஜமானர்'. சட்டத்திலேயே அந்தச் சொற்கள்தான்.

இதைப் பார்த்துத்தான் வடக்கே கோபம் மூண்டது. ஜான்சனின் எதிர்ப்பைத் தாண்டி, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் செயலில் இறங்கியது. 1867 மார்ச்சில் தென்மாநிலங்களை ராணுவ நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்து, புதிய அரசியல் சட்டம் எழுதினால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்றது. 1868-ல் 14-ஆவது திருத்தம். 1870-ல், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆவது திருத்தம்.

14-ஆவது திருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட எவரும் குடிமகன், சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம் என்பதுதான் அதன் உயிர். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதப்பட்டது அது. 1898-ல் சீனப் பெற்றோருக்கு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வரியை வைத்துத்தான் அவர் குடிமகன் என்று தீர்ப்புச் சொன்னது. நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ வேலை விசாவில் இருக்கும் தமிழ்த் தம்பதிக்குப் பிறந்த குழந்தைகள் அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கியதும் அந்த வரியின் பலத்தில்தான். எடிஸ்டோ தீவு மக்களின் போராட்டத்துக்கும் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு உறவு இருப்பதை நம்மில் பலர் யோசித்ததில்லை.

ஸ்மால்ஸிடம் திரும்பி வருவோம். போரில் அவர் அதே 'பிளான்ட்டர்' கப்பலுக்குக் கேப்டனானார். கப்பலைக் கொண்டுவந்ததற்குக் கிடைத்த பரிசுப் பணத்தில், சொந்த ஊரான பியூஃபர்ட்டில், தான் அடிமையாகப் பிறந்த எஜமானரின் வீட்டையே வரிப்பாக்கி ஏலத்தில் வாங்கினார். 1868-ல் மாநில அரசியல் சட்டத்தை எழுத சார்ல்ஸ்டனில் அவை கூடியபோது அதில் அவர் உறுப்பினர். அந்த அவையில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. நேற்றுவரை அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்றிருந்த மாநிலம் அது. அந்த மாநிலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயப் பள்ளி வேண்டும் என்று முன்னின்று கேட்டவர்களில் ஸ்மால்ஸும் ஒருவர். கேட்டது சட்டத்தில் ஏறியது. சட்டமன்றத்துக்குப் போகச் சொத்து வேண்டும் என்ற விதி போனது. கடனுக்காகச் சிறையில் தள்ளுவது நின்றது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த நன்மைகள் இல்லை இவை. ஏழை வெள்ளைக்காரனின் பிள்ளைக்கும் அப்போதுதான் பள்ளிக்கூடம் கிடைத்தது. மாநில அரசே நிலம் வாங்கி, சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, தவணைக்கு விற்றது. சுமார் 14,000 கறுப்பினக் குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. 1873 முதல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களும் படித்தார்கள்.

இந்த ஆட்சியில் ஊழல் இருந்ததா? இருந்தது. ரயில்வே பத்திரங்களிலும் அச்சு ஒப்பந்தங்களிலும் பணம் புகுந்து விளையாடியது. ஆனால் அதே காலத்தில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நடந்த ஊழல்களைக் காட்டி, வெள்ளையருக்கு வாக்குரிமை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தெற்கில் மட்டும் ஊழல் என்ற சொல், ஆட்சியில் கறுப்பினத்தவர் உட்காரவே கூடாது என்பதற்கு மறுபெயராக ஆனது.

1873-ல் நாட்டைப் பொருளாதார நெருக்கடி பிடித்தது. வங்கிகள் விழுந்தன, ரயில்வே நிறுவனங்கள் திவாலாயின. வடக்கே வேலையில்லாத் திண்டாட்டம். தெற்கத்திய விவகாரம் போதும் போதும் என்ற மனநிலை பரவியது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள், சரணடைந்தவர்களையும் விடவில்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1876-ல் குற்றவாளிகளின் தண்டனை ரத்தானது. 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களின் குற்றத்தை மத்திய அரசு இதன்படி தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். தெற்கே துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பச்சைக்கொடி வேண்டியிருக்கவில்லை.

1876 கோடையில் சவுத் கரோலினாவின் ஹாம்பர்க் என்ற சிற்றூரில், கறுப்பினக் காவல் படையினரை வெள்ளையர் கூட்டம் பீரங்கியோடு வந்து சூழ்ந்தது. பிடிபட்டவர்களில் சிலரை ஒவ்வொருவராக அழைத்துச் சுட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர்களில் ஒருவர் பெஞ்சமின் டில்மன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் அதிபர் தேர்தல். கறுப்பின வாக்காளர்களை மிரட்ட, 'சிவப்புச் சட்டைக்காரர்கள்' என்ற வெள்ளையர் கும்பல் குதிரையில் துப்பாக்கியோடு ஊர் ஊராகச் சுற்றியது. எட்ஜ்ஃபீல்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வாக்களிக்கும் வயதில் இருந்த ஆண்களைவிட விழுந்த வாக்குகள் அதிகம். மாநிலத்தில் இரண்டு பேர் கவர்னர் என்று பதவியேற்றார்கள். இரண்டு சபாநாயகர்களும் இரண்டு தரப்பு உறுப்பினர்களும் ஒரே மண்டபத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, இருவருமே அவையை நடத்தினார்கள். யார் முதலில் எழுந்து போகிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்பது போல.

நாட்டின் நிலையும் அதுதான். அமெரிக்க அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாக எண்ணப்படும் தேர்வாளர் வாக்குகள். தெற்கு வெள்ளையரின் ஆதரவு பெற்ற ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 வாக்குகள், ஜெயிக்க இன்னும் ஒன்று வேண்டும். லிங்கனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஹேஸுக்கு 165. மூன்று தென்மாநிலங்களிலும் ஒரிகனில் ஓரிடத்திலுமாக 20 வாக்குகள் தகராறில் கிடந்தன. காங்கிரஸ் 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தது. அது ஒவ்வொரு முறையும் 8-க்கு 7 என்று பிரிந்து, 20 வாக்குகளையும் ஹேஸுக்கே கொடுத்தது. 185-க்கு 184. குடியரசுக் கட்சிக்கு அதிபர் பதவி, பதிலுக்கு தெற்கை வெள்ளையர் கையில் விட்டுவிடுவது என்று பேரம் நடந்ததா, நடந்திருந்தால் எவ்வளவு தூரம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நடந்தது என்ன என்பதில் வாதமே இல்லை. 1877 ஏப்ரல் 10 அன்று சவுத் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற மத்தியப் படை முகாமுக்குத் திரும்பியது. குடியரசுக் கட்சிக் கவர்னர் சேம்பர்லின் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு வாரத்தில் லூசியானாவிலும் அதே கதை.

அங்கே நின்றிருந்த சிப்பாய்களின் எண்ணிக்கை பெரிதில்லை. ஆனால் அவர்கள் நின்ற வரைக்கும், வாக்குச்சாவடியில் அடி விழுந்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற நினைப்பு இருந்தது. 1877-ல் போனது அந்த நினைப்பு. ஒரு சட்டத் திருத்தமும் நீக்கப்படவில்லை, ஓர் எழுத்துகூட அழிக்கப்படவில்லை. எல்லாம் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

அப்புறம் நடந்தது மெதுவாக, சட்டப்படியே நடந்தது. அதுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. 1882-ல் சவுத் கரோலினா ஒரு தேர்தல் சட்டம் கொண்டுவந்தது. வாக்குச்சாவடியில் எட்டுப் பெட்டிகள். கவர்னருக்கு ஒன்று, காங்கிரஸுக்கு ஒன்று என்று ஒவ்வொரு பதவிக்கும் தனிப் பெட்டி. சீட்டைத் தவறான பெட்டியில் போட்டால் அந்த வாக்கு செல்லாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவன் பிழைத்தான். யாராவது உள்ளே போய்வந்து, இடமிருந்து மூன்றாவது பெட்டி என்று வெளியே சொல்லிக் கொடுத்தால், அலுவலர்கள் பெட்டிகளின் வரிசையை மாற்றி வைத்துவிடலாம். இந்தச் சட்டத்தில் எங்கும் கறுப்பு என்ற சொல் கிடையாது.

ஸ்மால்ஸ் இதற்குள் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராகியிருந்தார். புதிய ஆட்சி வந்த 1877-லேயே அவர்மேல் லஞ்ச வழக்குப் போட்டுத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். 1879-ல் கவர்னர் மன்னிப்பு வழங்கினார். கறுப்பின வாக்குகள் நிறைந்த தன் கடலோரத் தொகுதியிலிருந்து 1887 வரை இடையிடையே ஜெயித்து வாஷிங்டன் போய்வந்தார்.

1895-ல் மாநில அரசியல் சட்டத்தைத் திரும்ப எழுத கொலம்பியாவில் அவை கூடியது. கூட்டியவர் டில்மன். கவர்னராக இருந்து செனட்டராகியிருந்தார். நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 6 பேர். அவர்களில் ஒருவர், 56 வயது ஸ்மால்ஸ். 1868-ல் எழுதியதைக் கண்முன்னே கிழிப்பதைப் பார்க்க அவர் மறுபடி அவையில் உட்கார வேண்டியிருந்தது. அவருடைய பழைய வழக்கையும் டில்மன் அங்கே கிளப்பினார். ஸ்மால்ஸ் எழுந்து பேசினார். என் இனத்துக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை, இந்த நாட்டில் அவர்களின் கடந்தகால வரலாறே அவர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்று காட்டுகிறது, வாழ்க்கைப் போராட்டத்தில் சமமான வாய்ப்பு ஒன்று போதும் என்றார். பியூஃபர்ட்டில் அவர் நினைவிடத்தில் இன்று அந்த வாசகம்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சட்டம் நிறைவேறியது. வாக்களிக்க 300 டாலர் சொத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் அரசியல் சட்டத்தின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் படித்து எழுதிக் காட்ட வேண்டும். யார் படித்தது சரி என்று முடிவு செய்வது பதிவு அலுவலர். தலைவரி வேறு, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னதாகவே கட்டியிருக்க வேண்டும். ஸ்மால்ஸ் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ஐந்து ஆண்டு கழித்து அமெரிக்க செனட்டில் டில்மன் வெளிப்படையாகவே பேசினார்: வாக்குப்பெட்டிகளை நாங்கள் நிரப்பினோம், அவர்களைச் சுட்டோம், அதற்காக வெட்கப்படவில்லை என்று.

14-ஆவது திருத்தம் இந்தக் காலம் முழுக்கத் தூங்கியது என்று சொல்வதும் சரியில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் மீதான தொழிலாளர் சட்டங்களை உடைக்க அதை நீதிமன்றத்தில் நன்றாகவே பயன்படுத்தின. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் அது வேலை செய்யவில்லை. 1896-ல், லூசியானாவில் கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்கியதை எதிர்த்த வழக்கில், தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தனித்தனி மட்டும் நடந்தது.

மறுபடி அசைவு வந்ததும் இதே மாநிலத்திலிருந்துதான். 1940-களின் கடைசியில் சவுத் கரோலினாவின் கிளாரெண்டன் கவுண்டியில் கறுப்பினப் பெற்றோர்கள் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்து. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் ஓடின, தங்கள் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். பேருந்து மறுக்கப்பட்டது. அந்தக் கோரிக்கை வளர்ந்து வழக்காகி, மற்ற நான்கு வழக்குகளோடு சேர்ந்து, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ன் தீர்ப்பாக வந்தது. தீர்ப்புக்கு அடிப்படை 14-ஆவது திருத்தம். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தி வைத்தது, மத்திய அலுவலர்களை மறுபடி தெற்குக்கு அனுப்பியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு ஓடிய மாநிலம் எது? சவுத் கரோலினா. 1966-ல் தோற்றது. 1877-ல் முகாமுக்குத் திரும்பிய மத்திய அரசு மறுபடி வாக்குச்சாவடி வாசலுக்கு வர கிட்டத்தட்ட 88 ஆண்டுகள் ஆயின. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிடியை, அதாவது தேர்தல் விதிகளை மாற்றும் முன் சில மாநிலங்கள் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்பதை, 2013-ல் உச்ச நீதிமன்றமே தளர்த்திவிட்டது.

ஸ்மால்ஸுக்குப் பிறகு சவுத் கரோலினாவிலிருந்து காங்கிரஸுக்குப் போன கறுப்பின உறுப்பினர்களில் கடைசியானவர் ஜார்ஜ் மர்ரே. அவர் 1897-ல் இறங்கினார். அடுத்து அந்த மாநிலத்திலிருந்து ஒரு கறுப்பினத்தவர், ஜிம் கிளைபர்ன், உள்ளே போனது 1993-ல். நடுவில் 96 ஆண்டுகள்.

பியூஃபர்ட்டில் ஸ்மால்ஸ் வாங்கிய வீடு இன்றும் இருக்கிறது. கொலம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் டில்மனுக்கு 1940-ல் வைத்த சிலை இருக்கிறது. ஸ்மால்ஸுக்கும் அதே வளாகத்தில் சிலை வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டது 2024-ல்.